ஒன்று பழுதானாலும் அடுத்தது எட்ட வேண்டும்: சார்ஜிங் ஸ்டேஷன்கள் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம், இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் தமிழ்நாட்டு அலுவலகங்கள்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சிறிய மின்சார கார். அதை இந்த மாநிலத்துச் சாலைகளில் ஓட்டிப் பழகியவன் என்ற தகுதியில்தான் இந்த மடலை எழுதுகிறேன். இதில் பல விஷயங்கள் வரும். ஆனால் கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: வேகச் சார்ஜிங் ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள தூரத்தை, வழியில் ஒரு ஸ்டேஷன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

தூரத்துக்கு விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட முதல் வழிகாட்டுதலிலேயே, நெடுஞ்சாலைகளின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதலில் அது 20 கிலோமீட்டராகச் சுருங்கியது. நகரங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்று கட்டம் கட்டி, 2030-க்குள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார்கள். பேருந்து, லாரி போன்ற கனரக வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த எண்களெல்லாம் ஸ்டேஷன் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கின்றன. இரவு பத்து மணிக்கு அங்கே போய் நிற்பவருக்கு கரண்ட் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மின்சார காரின் கணக்கு பெட்ரோல் காரின் கணக்கு போல இல்லை. விளம்பரத்தில் 300 கிலோமீட்டர் என்று போட்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, 90, 100 வேகத்தில் போனால் 200 கிடைத்தாலே திருப்திதான். வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரைதான் ஏற்றுவோம். அதற்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துவிடும், பின்னால் காத்திருப்பவருக்கும் அது நியாயமில்லை. கீழே 20 சதவீதத்துக்கு வந்துவிட்டால் மனசு கேட்காது, ஸ்டேஷன் தேட ஆரம்பித்துவிடுவோம். ஆக, நடுவில் இருக்கும் 60 சதவீதம்தான் வழிக்கு உதவும். 200-ல் 60 சதவீதம் என்றால் 120 கிலோமீட்டர்.

இப்போது இந்த 120-ஐ வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். நம்பிப் போகக்கூடிய வேகச் சார்ஜர்கள் 100 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால், முதல் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். அது வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததற்கு மொத்தம் 200 கிலோமீட்டர் ஆகிறது. கையிருப்பில் வைத்த 20 சதவீதத்தையும் வழித்து எடுத்தாலும் போய்ச் சேர முடியாது. இடைவெளி 50 கிலோமீட்டராக இருந்தால், ஒன்று கைவிட்டாலும் 100-ல் அடுத்தது வந்துவிடும், கையிருப்பைத் தொடவே வேண்டாம். நம்பிப் போகக்கூடிய வேகச் சார்ஜர்களுக்கு நான் சொல்லும் 50 இப்படி வந்த எண். சிறிய பேட்டரி உள்ள கார்களுக்கு அதுவும் இழுபறிதான். ஆனாலும் குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு அது ஒரு பிடிமானம்.

இந்தக் கணக்கு மின்துறைக்குப் புதிதல்ல. உயரழுத்த மின்பாதைகளைத் திட்டமிடும்போது, ஒரு பாதையோ ஒரு மின்மாற்றியோ போய்விட்டாலும் மீதி உள்ளவை சுமையைத் தாங்க வேண்டும் என்று பார்க்கிறீர்கள். உங்கள் பொறியாளர்கள் அதை என்-1 என்று சொல்வார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேட்டிலேயே அது இருக்கிறது. துணைமின் நிலையத்துக்கு வரும் கம்பிக்குப் பொருந்தும் அந்த எச்சரிக்கையை, அங்கிருந்து புறப்பட்டு சாலையோரச் சார்ஜருக்கு வரும் மின்சாரத்துக்கும் பொருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சார்ஜர் பழுதாவது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை. ஒரு முறை மாவட்டத் தலைநகர் ஒன்றைத் தாண்டி, ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருக்கும் ஸ்டேஷனில் இரவு நிறுத்தினேன். ஆப்பில் அது பச்சையாகத்தான் இருந்தது. நேரில் போனால் திரையில் பழுது என்று வருகிறது. கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்த பிறகுதான் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் உள்ளே அமுங்கியிருப்பது தெரிந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்தார். “சாயங்காலம் சின்னப் பசங்க விளையாடி அமுக்கிட்டாங்க சார். யார்கிட்ட சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்றார். பட்டனை வலப்பக்கம் திருகினோம், வெளியே வந்தது. அப்புறமும் சார்ஜர் எழவில்லை. சர்வரிலிருந்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமாம். உதவி எண்ணில் இருந்தவர் புகாரைப் பதிந்துகொண்டு, இருபத்துநாலு மணி நேரத்தில் ஆள் வரும் என்றார். எந்த உதிரிபாகமும் கெடவில்லை, கரண்டும் போகவில்லை. பட்டனைத் திருகவும் மீண்டும் ஓடவிடவும் பொறுப்பான ஒருவர் இல்லாததால் லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த இயந்திரம் இரவு முழுக்க சும்மா நின்றது.

அந்த வாட்ச்மேன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. இப்படி எமர்ஜென்சி பட்டன் அமுங்கியதும், சிம் கார்டில் நெட்வொர்க் இல்லாததும், கிராமத்துக்கு வரும் ஃபீடர் மின்கம்பியில் வோல்டேஜ் இறங்கியதும், எலி வயரைக் கடித்ததும் என்று காரணம் எத்தனையோ இருக்கும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

மற்ற நாடுகளில் இதற்கு விதியே போட்டுவிட்டார்கள். பிரிட்டன் 2023-ல் கொண்டுவந்த பொதுச் சார்ஜர் விதிகளின்படி, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேகச் சார்ஜர்களை நடத்தும் நிறுவனம், தன் மொத்த வலையமைப்பும் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் வேலை செய்வதை உறுதிப்படுத்த வேண்டும். ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு நாலு நாள்கூட முழுதாக வராது. இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமில்லாத உதவி எண்ணும் கட்டாயம். அமெரிக்காவில் மத்திய அரசின் பணத்தில் வைக்கும் சார்ஜர்களுக்கு 97 சதவீதம் என்று 2023-ல் நிர்ணயித்தார்கள். நம் ஊரில் மானியம் தருகிறோம், இடம் தருகிறோம், இணைப்பு தருகிறோம். வைத்த சார்ஜர் எத்தனை நாள் ஓடியது என்று திரும்பிக் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பணம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மத்திய அரசு மின்சார வாகனங்களுக்காக 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜிங் ஸ்டேஷன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கார்களுக்கு மட்டும் 22,100 வேகச் சார்ஜர்கள் என்பது நாடு முழுக்க இலக்கு. அதற்கு முன் 2023 மார்ச்சில், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 ஸ்டேஷன்கள் வைக்க 800 கோடி தந்தார்கள். இந்தப் பணத்தில் ஒரு பகுதியை, சார்ஜர் குறிப்பிட்ட நேரம் ஓடியது என்று காட்டிய பிறகே விடுவியுங்கள். திறப்பு விழாப் புகைப்படத்தோடு கணக்கை முடித்துவிட வேண்டாம்.

அடுத்தது, விதியில் இருக்கும் ‘இரு பக்கமும்’ என்பது. இது எவ்வளவு முக்கியம் என்பது நான்குவழிச் சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். திருச்சியிலிருந்து மதுரை போகும்போது வலப்பக்கம் ஸ்டேஷன் தெரியும். நடுவில் தடுப்பு. திரும்புவதற்கு அடுத்த பாலமோ அடுத்த திறப்போ வரும்வரை போய், எதிர்ப்பக்கம் வந்து, சார்ஜ் ஏற்றி, மறுபடியும் வந்த வழியே போய் இன்னொரு திருப்பத்தில் திரும்ப வேண்டும். கையில் 15 சதவீதத்தோடு இப்படிச் சுற்றுவது சங்கடம். சங்கடம் தாங்காமல் சிலர் தடுப்பின் இடைவெளியில் குறுக்கே புகுகிறார்கள், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறார்கள். அந்தச் சாலைகளில் அது உயிரோடு விளையாடுவது. ஒரு பக்கம் இருக்கும் ஸ்டேஷனை இரண்டு பக்கத்துக்கும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதி இதில் தெளிவாக இருக்கிறது: முக்கியச் சாலைப் பின்னலில் ஒவ்வொரு திசையிலும் 60 கிலோமீட்டருக்கு ஒன்று. அதோடு விடாமல், 2025 முடிவுக்குள் ஒவ்வோர் இடத்திலும் மொத்தம் 400 கிலோவாட் திறன் இருக்க வேண்டும், அதில் ஒரு சார்ஜராவது 150 கிலோவாட் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

திறனைச் சேர்த்துச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் பார்ப்பது 60 கிலோவாட் பெட்டி ஒன்று, அதில் இரண்டு கன், அதாவது காரில் மாட்டும் கேபிள் முனைகள். ஒரு கார் நின்றால் 60 கிடைக்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டியதும் பல பெட்டிகளில் ஆளுக்கு 30 ஆகிவிடும். 45 யூனிட் பேட்டரியை 10-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற சுமார் 32 யூனிட் வேண்டும். 60-ல் டீ குடித்து, பிள்ளைகளைப் பாத்ரூம் கூட்டிப்போய் வருவதற்குள், அதாவது முப்பது நாற்பது நிமிடத்தில் முடியும். 30-ல் ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்றாவதாக ஒரு கார் வந்தால் அவர் நிலைமை என்ன? பொங்கலுக்கு முந்தைய நாட்களில் செங்கல்பட்டிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை இந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெட்டியில் இரண்டு கன் என்றால் அது இரண்டு சார்ஜர் ஆகாது. பெட்டி போனால் இரண்டும் போய்விடும். தனித்தனியாக இரண்டு பெட்டிகள் இல்லாத இடத்தை நெடுஞ்சாலை ஸ்டேஷன் என்று எண்ணவே கூடாது என்பது என் கருத்து. எங்கே எத்தனை வேண்டும் என்று ஊகிக்கவும் தேவையில்லை. வண்டி எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பது வாகனப் பதிவில் இருக்கிறது. எந்த வண்டி எந்த டோல்கேட்டை எந்த நேரத்தில் தாண்டியது என்பது ஃபாஸ்டேகில் இருக்கிறது. வண்டி எண்களை வெளியிடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சாலையில் எந்த நாளில் எத்தனை மின்சார கார்கள் போகின்றன என்பது நெடுஞ்சாலை ஆணையத்துக்கு மணிக்கணக்கோடு தெரிந்துவிடும். இந்த அளவுக்குத் தகவல் வேறு யாரிடமும் இல்லை.

சரி, ஸ்டேஷன் இருக்கிறது, ஓடுகிறது, நம் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே விடுவார்களா? இது தனிக் கதை. ஷோரூம் வாசலில் இருப்பது இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டியதும் போச்சு. சில இடங்களில் எங்கள் கம்பெனி காருக்கு மட்டும்தான் என்பார்கள். ஹோட்டலில் இருப்பது தங்குகிறவர்களுக்கு அல்லது சாப்பிடுகிறவர்களுக்கு. பொது வரைபடத்தில் இவையெல்லாம் ஒரே மாதிரி புள்ளியாகத் தெரிகின்றன. எந்த நேரமும் எந்த காரும் நுழைய முடியாத இடத்தைப் பொது ஸ்டேஷன் என்று எண்ணிக்கையில் சேர்ப்பதை நிறுத்துங்கள். சேர்த்தால் 20 கிலோமீட்டர் விதி நிறைவேறியதாகக் கணக்கு காட்டும், சாலையில் ஓட்டை அப்படியே இருக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாக ஓட்டிவரும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துப் பாருங்கள். என் தங்கை மதுரைக்குத் தனியாகக் காரில் போய்வருவாள். ஹோட்டலின் பின்புறம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், விளக்கில்லாத மூலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. பெட்ரோல் பங்க் இந்த விஷயத்தில் நல்ல இடம். வெளிச்சம், ஆள், கழிப்பறை எல்லாம் இருக்கும். 2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்க்குகளில் வேகச் சார்ஜர்களை வைத்தபோது, வெளியூர்ப் பயணத்தில் எங்களுக்கு வந்த முதல் தைரியம் அதுதான். டோல்கேட்டும் அப்படித்தான். இரு பக்கமும் இடம், இரவெல்லாம் ஆட்கள், ஆம்புலன்ஸ்கூட நிற்கும்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கார் ஓட்டுகிறார்கள். கைகளாலேயே இயக்கும்படி மாற்றியமைத்த கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு நம் ஸ்டேஷன்களில் முதல் தடை, பெட்டியைப் பாதுகாக்க நட்டிருக்கும் இரும்புத் தூண்களும் அரை அடி மேடையும். அதைத் தாண்டினாலும் திரை நின்று பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்கும். கேபிள் கனமானது, விறைப்பானது. உட்கார்ந்தபடி இழுத்து மாட்டுவது கஷ்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. இனி கட்டுகிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் இடமாவது மேடையில்லாமல், கதவை முழுதாகத் திறக்கும் அகலத்தோடு, தாழ்வான திரையோடு இருக்கட்டும். கட்டும்போதே செய்தால் கூடுதல் செலவு சொற்பம்.

நிழலும் வேண்டும். ராமநாதபுரத்து மே மாத வெயிலில் பெட்டியின் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சூடு ஏற ஏற சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கொட்டும் மழையில் கனைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. ஒரு கூரை, முடிந்தால் அதன் மேல் சோலார் பலகை.

பணம் கட்டுவது பற்றி நிறைய எழுதத் தேவையில்லை, எல்லாரும் புலம்பும் விஷயம். நிறுவனத்துக்கு ஓர் ஆப், ஆப்புக்கு ஒரு வாலட், வாலட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை, நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஓடிபி. இளநீர்க் கடையில் யுபிஐ வேலை செய்யும் மாநிலத்தில் சார்ஜர் மேல் ஒரு கியூஆர் அட்டை ஒட்ட முடியாதா? ஐரோப்பாவில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்களில், எந்த உறுப்பினர் பதிவும் இல்லாமல் வங்கி அட்டையால் பணம் கட்ட வழி இருக்க வேண்டும் என்று விதி. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் ஆப் வரப்போவதாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது, வரட்டும். அதுவரை காத்திருக்காமல் தமிழ்நாட்டில் புது இணைப்பு கொடுக்கும்போதே யுபிஐ-யை நிபந்தனையாக வைக்கலாம். யூனிட்டுக்கு எவ்வளவு என்று வாசலிலேயே எழுதிப் போடுவதையும் அதோடு சேர்த்துவிடுங்கள். கார் வாங்க 5 சதவீத ஜிஎஸ்டி, சார்ஜ் ஏற்ற 18 சதவீதம் என்பது உங்கள் கையில் இல்லை, தெரியும். அதை மாநில நிதித்துறை வழியாக எடுத்துச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

இனி என் மனத்தை அதிகம் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை, பெங்களூர், கோவை, மதுரை என்று பெரிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் ஸ்டேஷன்கள் தானாகவே வந்துவிடும். அங்கே வண்டி இருக்கிறது, வருமானம் இருக்கிறது, தனியார் போட்டி போட்டுக்கொண்டு வைப்பார்கள். அங்கிருந்து கிளை பிரிந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, தொண்டி, தேவிப்பட்டினம், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை மட்டும் சுமார் 120 கிலோமீட்டர். மேலே சொன்ன கணக்கில் ஒரு காரின் முழுத் தெம்பும் அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தத் தூத்துக்குடியில்தான் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே தயாராகும் காரை வாங்கி, கடலோரமாகவே நாகப்பட்டினம் வரை தயக்கமில்லாமல் ஓட்டிப்போகும் நிலை வர வேண்டும். இந்த மாநிலத்தில் மின்சார வாகனம் செய்கிற ஊர்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம்: ஓசூர், போச்சம்பள்ளி, ஸ்ரீபெரும்புதூர், இப்போது தூத்துக்குடி. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

மலைப்பாதைகளில் தூரக் கணக்கே வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஏறுவது ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 9 யூனிட் வேண்டும். சாலையில் உருளும் செலவு அதற்கு மேல் தனி. 35 யூனிட் பேட்டரியில் கால் பங்கு உயரத்துக்கே போய்விடும். ஐம்பது கிலோமீட்டர்தானே என்று சமவெளிக் கணக்கில் ஏறுகிறவர் பாதி வழியில் வியர்த்துப்போவார். ஆகவே வேகச் சார்ஜர் வேண்டியது அடிவாரத்தில்: மேட்டுப்பாளையம், கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு, மூணாறுக்குப் போடி. மலைமேல் அத்தனை வேகம் தேவையில்லை, விடுதிகளில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றும் சார்ஜர்கள் நிறைய இருந்தால் போதும். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்கு கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். மேலே 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால் அந்தக் கரண்டுக்கு இடமிருக்காது. இதை ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் இணையப் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடலாம். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போகும் வெளியூர் வண்டிகள் அதைக் கடந்துதானே போகின்றன.

கிளைச் சாலைகளில் வருமானம் வராது, யார் வைப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதிகத் திறனுக்கு உயரழுத்த இணைப்பு வேண்டும், சொந்த மின்மாற்றி வேண்டும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்ட வேண்டும். நாளைக்கு நாலு கார் வரும் ஊரில் எந்தத் தனியாரும் இதைத் தாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அரசுதான் இறங்க வேண்டும். வசூலைப் பார்த்திருந்தால் நம் கிராமங்களுக்கு டவுன் பஸ் போயிருக்காது.

இடமும் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தாலுகாவிலும் மின்வாரியத்தின் துணைமின் நிலையங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சாலையை ஒட்டியே. அங்கே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை, ஃபீடரின் கடைசியில் வரும் வோல்டேஜ் பிரச்சினை இல்லை, இரவிலும் பணியில் ஆள் இருப்பார். சுற்றுச்சுவருக்கு வெளியே சாலைப் பக்கமாக நாலு கார் நிற்க ஒரு கூரை போட்டு இரண்டு பெட்டிகள் வைக்கலாம். பாதுகாப்பு கருதி உள்ளே யாரையும் விட வேண்டியதில்லை. அமுங்கிய பட்டனைத் திருகிவிடத் தெரிந்தவர் இருபது அடி தூரத்தில் இருப்பார். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘தமிழ்நாடு’ ஹோட்டல்கள் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி என்று எங்கள் வண்டிகள் போய் நிற்கும் ஊர்களிலேயே இருக்கின்றன. அவற்றையும் பயன்படுத்துங்கள், தங்காதவரையும் அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், மதுரை, ராமேஸ்வரம் சாலையைச் சொல்வேன். எங்கள் பகுதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது முட்டுச்சந்தாக முடியும் பாதை. சுமார் 170 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தால் முன்னால் கடல், வந்த வழியேதான் திரும்ப வேண்டும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இந்தியா முழுவதிலிருந்தும் வண்டிகள் வரும் ஊர். தமிழ் ஆப், தமிழ் உதவி எண் மட்டும் வைத்து அங்கே சமாளிக்க முடியாது. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. சாலை போட்ட பிறகு ஓரத்தைத் தோண்டி கேபிள் இழுப்பதைவிட, வரைபடத்திலேயே இரு பக்கமும் இடம் ஒதுக்கி, குழாய் பதித்து, மின்மாற்றிக்கு மேடை கட்டிவிடுவது எவ்வளவோ சுலபம். நெடுஞ்சாலை ஆணையமும் பசுமை எரிசக்திக் கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், கடைசியாக ராமேஸ்வரம். ஐந்து ஊர்களிலும் தனித்தனி இரண்டு பெட்டிகள், ஊருக்கு வெளியே சாலையின் இரு பக்கமும், எந்த நேரமும் எந்த காருக்கும். இதில் ஏதாவது ஓர் ஊர் முழுதாக இருட்டாகிவிட்டாலும் அடுத்த ஊர் எட்டும்.

ஒவ்வொரு ஸ்டேஷனும் போன மாதம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் நின்றது, எதனால் நின்றது என்று மாதாமாதம் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். நிறுவனத்தின் பெயரோடு, ஊரின் பெயரோடு போடுங்கள். அடுத்த ஸ்டேஷன் எங்கே வேண்டும் என்பதும் எந்த நிறுவனத்துக்கு அடுத்த இடத்தைக் கொடுக்கலாம் என்பதும் அந்தப் பட்டியலிலேயே தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது ஓர் இடத்தை நேரில் பார்க்க உங்கள் பொறியாளர்கள் வருவதாக இருந்தால், கூடவே வந்து வழிகாட்ட நானும் என்னைப் போல இங்கே மின்சார கார் ஓட்டும் நண்பர்களும் தயாராக இருக்கிறோம். இந்த மடலுக்கு ஒரு பதிலையும், மதுரை, ராமேஸ்வரம் சாலைக்கு ஒரு தேதியையும் எதிர்பார்க்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து மின்சார கார் ஓட்டும் ஒருவன்